தொப்பைக்கும் நீர்க்கடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம், நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒரு அக்கா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது டவுனுக்கு வந்து தாமானில் குடியிருப்பவர், ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. கடையில் ஆண்கள் யாரும் இல்லை என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கவுண்டரில் குனிந்து, "அந்தத் தூள் பாக்கெட் குடும்மா, தண்ணியில கலக்கிக் குடிக்கிறது" என்றார். சிறுநீர் எரிச்சலுக்கு வாங்கும் தூள். அந்த வருடத்தில் அவர் அதைக் கேட்டு வந்தது நான்காவது தடவை. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தார், ஈரச் செருப்புக்கு வெளியே வெள்ளையாகத் தெரிந்தது.

"சூடு பிடிச்சிக்கிச்சும்மா, வேற ஒண்ணுமில்ல."

இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கா அக்கா என்று கேட்டேன். "எனக்கு அதெல்லாம் இல்ல. உடம்புதான் கொஞ்சம் போட்டிருச்சு" என்றார், வயிற்றைக் கையால் மறைத்தபடி.

அவர் மறைத்த அந்த வயிற்றுக்கும், ஆள் பார்க்கக் கூடாது என்று குனிந்து கேட்ட அந்தத் தூளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான்கு தடவை மருந்து கொடுத்த நானும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், அவரைப் போலப் பல பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

முதலில் நீர்க்கடுப்பு என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். இரண்டு சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் இரண்டு குழாய், கீழே சிறுநீர்ப்பை, அங்கிருந்து வெளியே விடும் ஒரு குழாய். இதில் எந்த இடத்திலாவது கிருமி குடியேறிப் பெருகினால் அதுதான் சிறுநீர்ப்பாதைத் தொற்று. பெரும்பாலும் சிறுநீர்ப்பையில்தான் தங்கும். போகும்போது எரிச்சல், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போக வேண்டும்போல் முட்டுவது, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் வலி, கலங்கலாகவோ ரத்தம் கலந்தோ வருவது, இதெல்லாம் அதன் அடையாளம். இதைத்தான் நம் வீட்டில் நீர்க்கடுப்பு என்கிறோம், சூடு என்கிறோம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் சிறுநீர் கெட்டியாகிக் கொஞ்சம் எரியத்தான் செய்யும், அந்த அளவில் "சூடு" என்ற பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது, இரண்டு நாள் தண்ணீர் குடித்தும் விடவில்லை என்றால் அது சூடு அல்ல, பெரும்பாலும் கிருமி.

அந்தக் கிருமியும் எங்கிருந்தோ வந்த ஒன்றல்ல. பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் ஈ.கோலை, நம் எல்லோருடைய குடலிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. குடலில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நகர்ந்து அந்த வெளிக்குழாய் வழியாக மேலே ஏறினால்தான் வம்பு. ஆணுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை இந்தத் தொற்று வருவதற்கு அந்த 4 சென்டிமீட்டர் ஒரு பெரிய காரணம். சுத்தமில்லாதவள் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. தினமும் இரண்டு வேளை குளிக்கும் பெண்களுக்கும் வரும்.

ஏறிய கிருமியை உடம்பு சும்மா விடாது. நாம் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அந்த ஓட்டம் கிருமிகளை அடித்துக்கொண்டு வெளியே போகிறது, இதுதான் முதல் காவல். ஆனால் ஈ.கோலைக்கு உடம்பைச் சுற்றி மயிர்போல மெல்லிய இழைகள் உண்டு. ரப்பர் மரத்துக்கு நடுவே புல்லில் நடந்துவிட்டு வந்தால் கைலி ஓரம் முழுக்க ஒட்டுப்புல் ஒட்டிக்கொண்டிருக்குமே, உதறினாலும் போகாது, குழாயடியில் காட்டினாலும் பாதிதான் போகும், ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அந்த மாதிரி இந்தக் கிருமி பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைப் பிடுங்குவது நம் வெள்ளை அணுக்களின் வேலை, உட்சுவரே சுரக்கும் கிருமிக்கொல்லிகளின் வேலை. இது இரண்டாவது காவல். ஆக, ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும், பை முழுசாகக் காலியாக வேண்டும், பிடுங்குகிற ஆட்கள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். தொப்பை இந்த மூன்றிலும் கை வைக்கிறது.

எந்தத் தொப்பை என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வயிற்றைக் கிள்ளினால் கையில் வருகிறதே, அது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு. அதற்கும் உள்ளே, தசைச் சுவருக்கு அந்தப் பக்கம், குடலையும் ஈரலையும் சுற்றி இன்னொரு கொழுப்பு இருக்கிறது, அதைக் கிள்ள முடியாது. வயிறு கெட்டியாக, பானைபோல முன்னால் தள்ளி நிற்கிறவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும். இந்த உள்கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல, ரத்தத்தில் பல ரசாயனங்களைக் கலந்துவிட்டபடியே இருக்கும் ஓர் உறுப்பு என்றே சொல்லலாம். நம்மைப் போன்ற தெற்காசிய வம்சத்தவருக்கு, கை கால் ஒல்லியாக இருந்தாலும் இது சுலபமாகச் சேருகிறது. அதனால்தான் இடுப்பளவு எல்லை நமக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைவாக வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இன்ச்சில் சொன்னால் ஆணுக்கு முப்பத்தைந்தரைக்குப் பக்கம், பெண்ணுக்கு முப்பத்தொன்றரை.

பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கி பெல்ட் போடுகிறவர் "நான் 34தான்" என்பார், டேப் வேறு கதை சொல்லும். சட்டையைத் தூக்கிவிட்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி நில்லுங்கள். விலா எலும்பின் கடைசி முனையைத் தடவிப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல்முனையைத் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் சரிபாதியில் டேப்பை நேர்கோடாகச் சுற்றுங்கள். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபிறகு பார்க்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தையல் டேப் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது, இதற்கு டாக்டர் வேண்டியதில்லை.

அக்காவுக்கு மருந்து அலமாரிக்குப் பின்னால் நிற்கவைத்து அளந்தேன். 101.

சரி, இந்தக் கொழுப்பு எப்படிச் சிறுநீர்ப்பை வரைக்கும் வருகிறது? பெரிய வழி சர்க்கரை. உள்கொழுப்பு கூடக்கூட இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது, கணையம் இன்னும் இன்னும் சுரந்து பார்க்கிறது, ஒரு கட்டத்தில் முடியாமல் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலை ஒட்டித் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுக்கத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது, மிச்சம் சிறுநீரில் இறங்கிவிடும். இனிப்பு நீர் என்ற பெயரே அப்படி வந்ததுதான், மலாய்க்காரர்களும் கென்சிங் மானிஸ் என்று அதையேதான் சொல்கிறார்கள். கிருமிக்கு அது சாப்பாடு. அதைவிட முக்கியம், சர்க்கரை கூடிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன, கிருமி இருக்கும் இடத்துக்கு வந்து சேரவும் விழுங்கிக் கொல்லவும் அவற்றின் வேகம் குறைகிறது. பல வருடம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் கெடும். பை நிறைந்தது தெரியாது, போனாலும் முழுசாகக் காலியாகாது. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடுகிற மாதிரி, தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது. நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சிறுநீரில் அவ்வளவு வேகம் இருக்காது என்றாலும், ராத்திரி முழுக்கத் தேங்கி நின்றால் அதற்கு நேரம் தாராளம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள், இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். ஆகவே "எனக்கு இனிப்பு நீர் இல்ல" என்று ஒருவர் சொன்னால் நான் அடுத்துக் கேட்பது, "எப்போ கடைசியா டெஸ்ட் பண்ணுனீங்க?" அக்கா யோசித்துப் பார்த்து, கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்றார். அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் பாரம் படிக்கிறான்.

சர்க்கரை ஏறாதவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. பெருத்த வயிறு நாள் முழுக்கச் சிறுநீர்ப்பையை மேலிருந்து அழுத்துகிறது, அதைத் தாங்கும் அடித்தள தசைகள், ஏற்கெனவே பிள்ளைப்பேற்றில் தளர்ந்தவை, மேலும் தொய்கின்றன. இருமினால், தும்மினால், அரிசி மூட்டையைத் தூக்கினால் கொஞ்சம் கசிகிறது. கசிந்த ஈரத்தோடு மணிக்கணக்கில் ஷிப்ட் நிற்கிறார்கள், பேட் நனைந்தபடியே இருக்கிறது, அந்த ஈரமும் வெப்பமும் கிருமிக்குப் பிடித்தமானவை. இன்னும் கொடுமை, கசிகிறதே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் ஓட்டம் குறைகிறது, முதல் காவல் போய்விட்டது. இதைப் பெண்கள் என்னிடம் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. வெளிக்காட்டு வேலைக்குப் போனவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் பழையது. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களுக்கு அங்கே கக்கூஸ் ஏது? காலையில் தேத்தண்ணி ஒரு கிளாஸோடு போய் மதியம்வரை அடக்கிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். என் அம்மாவும் அப்படித்தான்.

தோல் மடிப்பு இன்னொன்று. வயிறு தொங்கும் இடத்திலும் தொடை இடுக்கிலும் வியர்வை காயாமல் நிற்கும், தோல் புண்ணாகும், கிருமியும் பூஞ்சையும் அங்கே கூடும். வயிறு பெருத்தவர்களுக்குக் கழுவும்போது கை எட்டுவது சிரமம், முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்று தெரிந்தாலும் முடிவதில்லை, பின்னிருந்து முன்னாகத்தான் கை போகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கால்களை நன்றாக அகட்டி, முன்பக்கத்தைத் தனியாகவும் பின்பக்கத்தைத் தனியாகவும் கழுவிக்கொள்ளலாம், பைப்போடு இணைந்த சின்னக் கைக்குழாய் இருந்தால் இன்னும் சுலபம். கழுவியபின் மடிப்புகளை ஒற்றித் துடைத்துக் காயவிட வேண்டும். உள்ளே சோப்புப் போட்டோ டெட்டால் ஊற்றியோ கழுவ வேண்டாம். அங்கே நல்ல கிருமிகளும் இருக்கின்றன, காவல் காக்கிறவை, அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம்.

கடைசியாக, உள்கொழுப்பு சதா ஒரு மெல்லிய அழற்சியை உடம்பு முழுக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, வெளியே எதுவும் தெரியாது. ஆனால் எதிர்ப்புச் சக்தி எப்போதும் பாதி விழித்த நிலையில் இருந்து களைத்துப்போகிறது, உண்மையான கிருமி வரும்போது எதிர்வினை சரியாக அமைவதில்லை என்று கருதுகிறார்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவர் தன் கிருமிக்கொல்லிகளைச் சுரப்பதற்கே இன்சுலின் வேலை செய்தாக வேண்டும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. இன்சுலின் பேச்சு எடுபடாத உடம்பில் அந்தக் காவலும் தளர்வது நியாயம்தானே.

இதையெல்லாம் படித்துவிட்டு, தொப்பை இருந்தால் நீர்க்கடுப்பு வந்தே தீரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. தாம்பத்தியம், கர்ப்பம், சிறுநீரகக் கல், மருத்துவமனையில் போட்ட குழாய், மாதவிலக்கு நின்றுபோவது என்று காரணங்கள் நிறைய. உடல்பருமன் உள்ளவர்களுக்கு இந்தத் தொற்று கூடுதலாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லாவற்றிலும் தொடர்பு ஒரே அளவு வலுவாக இல்லை, நீரிழிவைக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிட்டால் சிலவற்றில் மெலிந்துவிடுகிறது. எடையைவிட எங்கே கொழுப்பு இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம், ஏனென்றால் நீரிழிவுக்கு இழுத்துச் செல்வதே அந்த உள்கொழுப்புதான். மாதவிலக்கு நிற்கும் வயதில் இரண்டும் சேர்ந்தே வருவதையும் கவனியுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றுக்கு நகர்கிறது, அதே சமயம் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து அங்கிருந்த நல்ல கிருமிகளும் குறைகின்றன. அந்த வயதில் அடிக்கடி தொற்று வந்தால், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஒன்று இருக்கிறது, தொற்று திரும்பத் திரும்ப வருவதை அது குறைக்கும். டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது. ஐம்பது தாண்டிய நம் பெண்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணுக்குக் குழாய் நீளம், சின்ன வயதில் தொற்று அபூர்வம். ஆனால் வயது ஏற ஏற, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்கிறது, பை முழுசாகக் காலியாகாது. தொப்பை உள்ள ஆண்களுக்கு இந்தத் தொந்தரவு கூடுதலாகக் காணப்படுகிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிறார், சொட்டுச் சொட்டாக வருகிறது, ஜாகா (காவல்) வேலைக்குப் போய் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், வயசாச்சு என்று விட்டுவிடாமல் சர்க்கரையையும் புரோஸ்டேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுக்கு ஒரு தடவை தொற்று வந்தாலே காரணம் தேட வேண்டும்.

இனி என்ன செய்வது என்ற பக்கத்துக்கு வருவோம். முதலில் தண்ணீர். 2018ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும், அவ்வளவு எளிமை. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தினமும் ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகவே குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மீதிப் பேர் பழையபடி. ஒரு வருடத்தில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. வெறும் தண்ணீருக்கு அவ்வளவு பலன். சிறுநீரகக் கோளாறோ இருதயக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் என்றால் தண்ணீர்தான். சூட்டுக்கு நல்லது என்று பார்லி தண்ணீர் காய்ச்சுகிறோம், சரி, அதில் எவ்வளவு சீனி? கடையில் வாங்கும் பார்லி, டின் குளிர்பானம், கொண்டென்ஸ்ட் மில்க் ஊற்றிய தே தாரிக், மைலோ ஐஸ், இதையெல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேர்த்தால் நீர்க்கடுப்புக்கு மருந்து என்று நினைத்து அதன் வேரை வளர்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் சீனி இல்லாமல் காய்ச்சிய பார்லி தாராளமாகக் குடிக்கலாம், கிருமியை அது கொல்லாது, ஆனால் தண்ணீர் உள்ளே போகிறது அல்லவா. நம் ஊரில் ஒரே நாளில் வயிற்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறுவதுதான் என்பது என் கருத்து. ஒரு வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும். பால் வெட்டப் போன தலைமுறை விடியற்காலை முதல் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்தது. நாம் அவர்கள் தட்டில் இருந்த அதே அளவு சோற்றை வைத்துக்கொண்டு ஃபேக்டரி பஸ்ஸில் போய் நின்ற இடத்தில் நிற்கிறோம். சோற்றைப் பாதியாக்கி, கீரையும் காயும் முட்டையும் மீனும் கூட்டினாலே பசி தாங்கும்.

எவ்வளவு இளைக்க வேண்டும் என்று கேட்டால், பயப்படும் அளவுக்கு இல்லை. 2009ல் அமெரிக்காவில் உடல் பருத்த, சிறுநீர் கசிவு உள்ள 338 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில் எடையில் சராசரியாக 8 விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது, உடல்நலப் பாடம் மட்டும் கேட்ட மற்ற குழுவுக்கு 28 விழுக்காடு. 80 கிலோ உள்ளவருக்கு 8 விழுக்காடு என்பது ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உள்கொழுப்பு சேருவதுபோலவே, இளைக்கும்போது சீக்கிரம் கரைவதும் அதுதான், அதனால் தராசு அதிகம் அசையாவிட்டாலும் டேப்பில் தெரியும். கூடவே அடித்தள தசைப் பயிற்சி. பாதியில் சிறுநீரை நிறுத்துவதுபோல அந்தத் தசையை உள்ளே இழுத்துப் பிடித்து ஐந்து எண்ணி விடுவது, பத்துத் தடவை, தினமும் மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. நிஜமாகச் சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம், பை காலியாவது கெடும்.

மருந்து விஷயத்தில் சில. அந்தத் தூள் சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலை ஆற்றும், அவ்வளவுதான், கிருமியைக் கொல்லாது. சிலவற்றில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. நீர்க்கடுப்புக்கு டாக்டர் நைட்ரோஃபுரான்டோயின் என்ற ஆண்டிபயாடிக் கொடுத்திருந்தால் இந்தத் தூளைச் சேர்த்துக் குடிக்காதீர்கள், அந்த மாத்திரையின் வேகம் குறையும். ஆண்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுக்க முடியாது, அதற்காக என்னிடம் கோபப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் போன தடவை மிச்சம் வைத்த நாலு மாத்திரையை இந்தத் தடவை போட்டுக்கொள்வதும், பக்கத்து வீட்டில் கடன் வாங்குவதும் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அப்புறம், நீரிழிவுக்கு எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான் வேலை செய்கிறது, அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அரிப்பையும் எரிச்சலையும் நீர்க்கடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல மாத்திரை அது, இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகிறது, நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி, வாந்தி, இதில் ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. நீரிழிவுக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் இது சீக்கிரம் முற்றும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், மருந்தும் அதில் அடக்கம். அங்கே போய் வெறுமனே "எரியுது" என்று சொன்னால் அன்றைய மருந்தோடு முடிந்துவிடலாம். "இந்த வருஷத்துல இது நாலாவது தடவை, கிருமி டெஸ்ட் எடுங்க, சர்க்கரையும் பாருங்க" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஆண்டிபயாடிக் தொடங்கும் முன்னால் சிறுநீர் கொடுக்க வேண்டும், முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த முடிவைத் திரும்பப் போய்க் கேட்டு வாங்குங்கள்.

அக்கா போனார். ஒரு நாள் சம்பளம் போகுதே என்று தயங்கித் தயங்கித்தான் போனார். சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை 9.4 மில்லிமோல் இருந்தது, 7 தொட்டாலே நீரிழிவு. முகம் சுண்டிப்போய் வந்து காகிதத்தை என்னிடம் நீட்டினார். கோளாறு இப்போதுதான் வந்தது அல்ல, பெயர்தான் இப்போது தெரிந்திருக்கிறது என்று சொல்லி, அந்த நான்கு தடவையையும் ஒவ்வொன்றாக அவரோடு எண்ணிப் பார்த்தேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறார், சூப்பர்வைசரிடம் கக்கூஸ் போக அனுமதி கேட்டு வாங்கியதுதான் இதில் தனக்குப் பெரிய காரியம் என்கிறார். போன வாரம் டேப் 97 காட்டியது. தீபாவளிக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் கடுத்தது, அதுவும் தண்ணீர் குடிக்காமல் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்த நாளில். பெருவிரலில் சுண்ணாம்பு அன்றைக்கும் பூசிக்கொண்டாராம். பூசட்டும், கிளினிக்குக்கும் போனார் இல்லையா.